ஈறு நிறத்தில் ஒரு புள்ளி

பல்செட்காரர் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தள்ளியபோது, சாப்பாட்டு மேசைமேல் இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்திருந்தன. ஒன்று அவருடைய மனைவியின் தலை. மற்றது அவளுடைய தாய்மாமன் மகனின் தலை. இரண்டுக்கும் நடுவே, மேல்மூடி கழற்றப்பட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொண்டு அவருடைய ஆம்ப்ளிஃபையர் கிடந்தது. மனைவி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட அவர் அவளை விட்டதில்லை. துணி நூல் விடும், ஈரம் பட்டால் போச்சு, திருகுகளில் நகம் படக்கூடாது என்று ஆயிரம் காரணம் சொல்லி வைத்திருந்தார். இப்போது பாருங்கள், அதன் குடலுக்குள்ளேயே வெளிச்சம் அடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“இந்தப் பக்கம் காட்டு, குருவி” என்றார் மாமா மகன்.

குருவியா! பல்செட்காரர் ரொட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியாயிற்று. ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, வெளியூருக்கு வேலைக்கும் அனுப்பியாயிற்று. மனைவிக்குக் குருவி என்று ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. அவளும் சும்மா இல்லை. கூப்பிட்ட கையோடு டார்ச்சைத் திருப்புகிறாள், ஏதோ நேற்றுவரை யாரோ அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்த மாதிரி.

அந்தத் தெருவில் இவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. செருப்புக்கடை மாடியில் சின்னதாக ஒரு லேப். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். தேய்க்கிற மோட்டார் நாள் முழுக்க முகத்துக்கு நேரே கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். மற்றவர் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். வேலை மாற்றலாகி ஆறு மாதம் முன்னால் இந்த ஊருக்கு வந்தவர். பழைய ஆம்ப்ளிஃபையர்களைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. மனுஷனுக்குத் தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. உறவுமுறை வேறு வேடிக்கையாக அமைந்திருந்தது. மனைவிக்கு அத்தான் என்றால் கணவனுக்கு அண்ணன் முறையாம். அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டே வயது பெரியவரான லிஃப்ட்காரர் இவரை “தம்பி, தம்பி” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஒவ்வொரு தம்பிக்கும் பல்செட்காரரின் கடைவாய்ப்பல் ஒருமுறை கடித்துக்கொண்டது.

அவரைக் கூப்பிடலாம் என்று சொன்னதே மனைவிதான். இரண்டு மாதமாகப் பெட்டி மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. இடது பக்கம் திடீரென்று மங்கும், ஒரு தட்டுத் தட்டினால் திரும்பி வரும், பிறகு உம்மென்று ஒரு முணுமுணுப்பு. கடைக்காரன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மகள் போனில், “அத தூக்கிப் போடுங்கப்பா, நான் புதுசு வாங்கி அனுப்புறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், சத்தம் வீட்டையே தூக்கும்” என்றாள். வீட்டைத் தூக்குவதற்கா அவர் பாட்டுக் கேட்கிறார்? கோபத்தில் இரண்டு நாள் மகள் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. கடைசியில் மனைவி, “அத்தான் இந்த மாதிரிப் பெட்டியெல்லாம் சரி பண்ணுவாராம். வந்து பாக்கட்டுமே” என்றபோது வேறு வழி இல்லாமல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெட்டி அவருக்கு என்னவென்று சொல்லிவிட வேண்டும். முதல் சம்பாத்தியத்தில், கல்யாணத்துக்கு முன்பே, வேறொருவரிடமிருந்து வாங்கியது. தினமும் ஏழு மணிக்கு லேப்பிலிருந்து வந்து, முகம் கழுவி, ஒரு இசைத்தட்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்காருவார். மனைவி சற்றுத் தள்ளி, ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே அவர்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை கிடையாது. கரண்ட் பில் கட்டியாச்சா, குழாய் ஒழுகுது, மகள் கூப்பிட்டாளா, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ராஜா. எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு சத்தம், எல்லாம் அவர் வைத்ததுதான். கல்யாணமான புதிதில், நீல அட்டைத் தட்டைப் போட்டு, இரண்டாவது பக்கம் முடிகிற இடத்தில் வயலினுக்கு அடியில் மெல்லிசாக ஒரு மணி அடிக்குமே, அதைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். “கேக்குதா? நல்லாக் காது குடு. கேக்குதா?” அவள் சிரித்துக்கொண்டே, “கேக்குது” என்றாள். அன்றைக்கு அவளுக்குக் காதைத் திறந்து வைத்ததே தான்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். வருகிறவர்களிடம் அவளும், “எங்க வீட்டுல காது இவருதான்” என்று சொல்வாள். அவர் அடக்கமாக இருப்பது போல இருப்பார்.

அவள் கேட்கிற அழகு வேறு. தலையை லேசாகச் சாய்த்து, இடது உள்ளங்கையைக் காதோடும் கன்னத்தோடும் சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் மகள் எடுத்த ஒரு போட்டோ லேப்பில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கொடுத்து வைத்தவன் நான் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார்.

மத்தியானத்துக்குள் லிஃப்ட்காரர் வீங்கிப்போன கண்டன்சர்களையெல்லாம் பிடுங்கிப் புதிது போட்டு முடித்துவிட்டார். கை சுத்தமான கை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஒரு தட்டு போட்டுப் பாப்போமா, தம்பி?” என்று கேட்டுவிட்டு, முன்பக்கக் குமிழ்களையெல்லாம் நேராக நிமிர்த்தினார். உச்சச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழையும் சேர்த்து.

“அதத் தொடாதீங்க” என்றார் பல்செட்காரர். “அது அங்கதான் இருக்கணும்.”

அங்கே என்றால், குமிழுக்கு வலது பக்கம், முகப்புத் தகட்டில் கடுகளவுக்கு ஒரு புள்ளி. பல்செட்டுக்கு ஈறு செய்கிற அக்ரிலிக்கில், ஈறு நிறத்திலேயே அவர் வைத்தது. ட்ரெபிள் எப்போதும் அந்தப் புள்ளியில்தான் நிற்கும். அதில் வைத்தால்தான் சத்தம் பளிச்சென்று இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் நடுவில் இருந்தது, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டிக்கு வயசாகிறது, அதனால் மங்குகிறது, அதனால் கூட்ட வேண்டியிருக்கிறது. இதில் என்ன தப்பு?

லிஃப்ட்காரர் புள்ளியைப் பார்த்தார். “இவ்வளவு தூரமா?” என்றார். பிறகு, “டெஸ்ட்டுக்குத்தான் தம்பி. நடுவுல வச்சுக் கேட்டாத்தான் பெட்டியோட நெசமான கொரல் தெரியும்” என்றார்.

மனைவி போய் நீல அட்டைத் தட்டை எடுத்து வந்தாள். தேடவே இல்லை. கை நேராக அந்த அட்டைக்குத்தான் போனது. இரண்டாவது பக்கத்தைப் போட்டார்கள். பல்செட்காரருக்கு எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வயலினுக்கு மூக்கடைப்பு. ஆள் கெடுத்துவிட்டான் பெட்டியை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மற்ற இரண்டு பேரும் உருகிக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா அத்தான்” என்றாள் மனைவி. அத்தானிடம் சொல்கிறாள்! பெட்டிக்குச் சொந்தக்காரன் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்.

“இவளுக்குச் சின்ன வயசுலேயே பாம்புக் காது, தம்பி” என்றார் லிஃப்ட்காரர். “ஐஸ் வண்டி அடுத்த தெருவுல வரும்போதே இவளுக்கு மணிச் சத்தம் கேட்டுடும். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கேக்காது. இவ வெரல மேல தூக்குவா. நாங்க ஓடிப் போய் நிப்போம், அப்புறந்தான் வண்டி வரும்.” மனைவி சிரித்தாள். அவருக்குத் தெரியாத வயதிலிருந்து வந்த சிரிப்பு அது. காதைத் திறந்து வைத்தவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி வருகிற இடம் நெருங்கியது. உண்மையைச் சொன்னால் அந்த மணியை அவர் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. தட்டு தேய்ந்துவிட்டது, மணி அழிந்துபோயிற்று என்று முடிவுகட்டி வைத்திருந்தார். ஆனால் அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். இந்த லிஃப்ட்காரர் முன்னால் அதை முதலில் சொல்வது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. வயலின் இறங்கியதும், விரலை நீட்டி, “இதோ, மணி!” என்றார்.

அவர்கள் இருவரும் அவரைப் பார்த்தார்கள். பாட்டு இன்னும் கொஞ்ச தூரம் போனது. பிறகு, ஒரே சமயத்தில், சொல்லி வைத்த மாதிரி, அந்த இரண்டு தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. இரண்டு முகத்திலும் ஒரே வெளிச்சம். பல்செட்காரர் காதுக்கு அப்போதும் கம்பளிதான்.

அவன் அவள் கையைப் பிடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கையைப் பிடித்தால் சட்டையைப் பிடிக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே மணி கேட்டதற்கு எந்தச் சட்டையைப் பிடிப்பது?

பாட்டு முடிந்ததும் லிஃப்ட்காரர் மரியாதையாக ட்ரெபிள் குமிழைப் புள்ளிக்குத் திருப்பினார். கரகரவென்று சத்தம் வந்தது. “கண்ட்ரோல் போயிருக்கே” என்று அதைக் கழற்றி, தகரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த கறுப்புக் கார்பன் பட்டையை வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க தம்பி. வால்யூம்கூட இவ்வளவு தேயல. யாரு இத தெனம் போட்டுத் திருப்புறது?”

“நான் அதத் தொடறதே இல்லையே. வச்சா வச்சதுதான்” என்றார் பல்செட்காரர்.

மனைவி, “அடுப்புல பால் வச்சேன்” என்று எழுந்து போனாள். லிஃப்ட்காரர் அவள் போன திசையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், பிறகு, “தூசியாலகூட இப்படி ஆகும்” என்றார். “நம்பர் குறிச்சுக்கிட்டேன். புதுசு வாங்கிட்டு வரேன். இதத் தூக்கிப் போட்டுடுங்க.”

பல்செட்காரர் தூக்கிப் போடவில்லை. பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் லேப்பில், முதல் வேலையாக, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே அதை வைத்தார். மற்றவர்களுக்கு அது ஒரு கறுப்பு வளையம். ஆனால் தேய்மானத்தைப் படிப்பதுதான் அவர் தொழிலே. பிளாஸ்டர் அச்சில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பார்த்தால், இந்த ஆள் வலது பக்கம் மென்று தின்கிறவர், ராத்திரியில் பல்லைக் கடிக்கிறவர், வாயில் பேனா வைக்கிற பழக்கம் உண்டு என்று டாக்டருக்கே எழுதி அனுப்புவார். பட்டையிலும் அது தெளிவாக இருந்தது. நடுவிலிருந்து புள்ளிவரை பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கறுப்பு புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. யாரோ இங்கிருந்து அங்கே போகிறார்கள், அங்கிருந்து இங்கே வருகிறார்கள். வேறு எங்கும் போவதில்லை. தினமும் போகிறார்கள். தினமும், அவர் வருவதற்கு முன்னால், புள்ளியில் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.

மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். மூன்றிலிருந்து ஏழுவரை நாலு மணி நேரம். லிஃப்ட்காரர் வேலையோ, எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாத வேலை. பல்செட்காரரின் தலைக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்தது. அவருடைய நாற்காலியில் அந்த ஆள். ஜன்னலோரத்தில் குருவி. நடுவில் குமிழ் நேராக நிற்கிறது. தலைகள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. இப்படித் தேய்வதற்கு ஆறு மாதம் போதாது, குறைந்தது ஏழெட்டு வருடம் வேண்டும் என்று தொழில் தெரிந்த மூளை சொல்லத்தான் செய்தது. பொறாமை பிடித்தவன் என்றைக்கு மூளை சொல்வதைக் கேட்டிருக்கிறான்? அன்றைக்கு ஒரு டாக்டரின் நோயாளிக்கு மேல் வரிசையில் இரண்டு பற்களை இடம் மாற்றி வைத்துவிட்டுச் சாயங்காலம் பிரித்து மறுபடி செய்தார்.

நாலைந்து நாள் கழித்து மனைவி போன் செய்தாள். “அத்தான் வந்து புதுக் கண்ட்ரோல் போட்டுட்டுப் போயிட்டாரு. நல்லாப் பாடுது.”

“நான் இல்லாதப்ப எதுக்கு வந்தாரு?”

“அவருக்கு இந்தப் பக்கம் ஏதோ லிஃப்ட் வேலையாம். வந்தா என்ன?”

வந்தால் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பாத்திரம் கழுவுகிற தொட்டியில் இரண்டு கப் கிடந்தது. ட்ரெபிள் குமிழ் ஈறு நிறப் புள்ளியில் மயிரிழை பிசகாமல் நின்றது. அவர் தட்டைப் போட்டார். மனைவி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அந்தக் கையை அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னென்ன ரகசியம் வைத்திருக்கிறாயோ தாயே என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் லேப்பைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். வயிற்றுவலி என்று யாரிடமாவது பொய் சொல்லலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. சொந்த வீட்டுக்குத் திருடன் போலப் போவது எப்படி என்று அவருக்குப் பழக்கமில்லாததால், படியில் செருப்புச் சத்தம் கேட்குமென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மாடி. மூடிய கதவில் காதை வைத்தார். டும் டும் என்று அடிச்சத்தம் மட்டும் மரத்தில் அதிர்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் ஆண் சிரிப்புக்காகக் காத்திருந்தார். வா, சிரி, சிரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அது கேட்டுவிட்டால் நிம்மதியாகக்கூட இருக்கும் போலிருந்தது.

மேல்மாடி அம்மாள் கூடையோடு படியேறி வந்தாள். ஐம்பத்துநாலு வயது மனுஷன் கையில் செருப்போடு தன் வீட்டுக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளும் நின்றாள்.

“என்ன சார், சாவி மறந்துட்டீங்களா?”

“இல்ல, சும்மா… பெட்டி ரிப்பேர் பண்ணினோம். வெளிய எப்படிக் கேக்குதுன்னு…”

“அதானா! ரெண்டு மாசமா மத்தியானத்துல பாட்டே இல்ல, எனக்குத் தூக்கமே வரல. எத்தன வருஷப் பழக்கம்! அம்மா போடுறது அவ்வளவு எதமா இருக்கும் சார். சாயங்காலம் போடுறதுதான்…” என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “வரேன் சார், அடுப்புல வேலை கெடக்கு” என்று விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள்.

சாவியைத் துளையில் வைத்துச் சத்தமில்லாமல் திருப்பினார். கதவை ஒரு சாண் திறந்தார்.

ஹாலில் யாரும் இல்லை, அவளைத் தவிர. அவருடைய நாற்காலியில், கால்களை மேலே தூக்கி மடக்கிப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. நீல அட்டை மடியில் இருந்தது. குமிழ் நேராக, நடுவில் நின்றது. கைகள் இரண்டும் அட்டைமேல் தளர்ந்து கிடந்தன. இரண்டு காதும் திறந்திருந்தன. அந்த முகத்தை அவர் எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று யோசித்தார். பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது. அவள் திடீரென்று புன்னகை செய்தாள். யாரும் இல்லாத ஹாலில், யாருக்கும் காட்டாமல், தனக்கே. மணி அடித்திருக்கும்.

அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கீழே இறங்கி வந்தார். செருப்பு கையிலேயே இருப்பது தெருவில் கால் சுட்டபோதுதான் தெரிந்தது.

முனை பேக்கரியில் ஒரு மூலையில் உட்கார்ந்து டீ சொன்னார். ஆள் ஒருவன் இருந்திருந்தால் உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். இப்போது யார்மேல் பொறாமைப்படுவது? நாற்காலி மேலா, நீல அட்டை மேலா? அவருக்கு எல்லாவற்றின் மேலும் பொறாமையாக இருந்தது. மத்தியானத்தின் மேல் பொறாமையாக இருந்தது. அந்த நாலு மணி நேரத்தில் அவளுக்கு அவர் தேவையே இல்லை. வருடக்கணக்காகத் தேவை இல்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது இன்னொன்று ஞாபகம் வந்தது. முன்பு ஒருநாள் அவர் குமிழைக் கூட்டியபோது அவள், “கொஞ்சம் கூசுதுங்க, காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்று சொல்லியிருந்தாள். அவர் சிரித்தார். “உனக்கு இன்னும் காது பழகல” என்றார். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் ஜன்னலோரத்துக்கு மாறினாள். அதற்குப் பிறகுதான்…

இடது ஸ்பீக்கர் இருக்கிற பக்கத்தில்தானே அந்தக் கை எப்போதும் இருக்கும்?

பல்செட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். லேப்பில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற போட்டோ கண்முன் வந்தது. கண் மூடி, தலை சாய்ந்து, உள்ளங்கை காதின்மேல். ரசிக்கிறாள் என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட போட்டோ. அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்காருவதற்காக, வருடக்கணக்காக, ஒரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அட பாவி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனார். முகம் கழுவினார். குமிழ் புள்ளியில் நின்றது. நீல அட்டை, அதற்குரிய இடத்தில், மற்ற அட்டைகளோடு ஒன்றுமே தெரியாத மாதிரி நின்றது.

“என்ன இன்னிக்கு மொகம் வாடியிருக்கு?” என்றாள் மனைவி. “லேப்ல வேலை ஜாஸ்தியா?”

“ம்” என்றார். மேல்மாடி அம்மாள் சொல்லியிருப்பாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

நீல அட்டையை உருவினார். அவள் கை ஒரு கணம் நின்றதைக் கவனித்தார். இரண்டாவது பக்கத்தைப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வயலின் பளிச்சென்று, அவருக்குப் பிடித்த மாதிரி வந்தது. ஜன்னலோரத்தில் அவள் கண்ணை மூடினாள், தலையைச் சாய்த்தாள், கையைத் தூக்கிக் காதில் வைத்தாள். தெரிந்த பிறகு பார்ப்பதற்கு அது வேறு மாதிரி இருந்தது. தாங்கவில்லை.

எழுந்து போய்க் குமிழைத் திருப்பினார். புதுக் கண்ட்ரோல் கரகரப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் நிறுத்தினார். பெருந்தன்மை, தியாகம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பச்சைப் பொறாமைதான். மத்தியானம் அந்த ஹாலில் இருந்த முகம் ஏழு மணிக்கும் தனக்கு வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

“ஏங்க?” என்றாள் அவள், கண்ணைத் திறந்து.

“சும்மா. கேளு.”

கம்பளி வந்து பாட்டை மூடிக்கொண்டது, அவருக்கு மட்டும். வயலின் தூரத்துக்குப் போயிற்று. அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்து, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தரையில் நாற்காலிக் கால்கள் கிரீச்சிட்டிருக்க வேண்டும், அவள் முகம் ஒரு கணம் சுளித்தது. அவள் அவரைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். காதிலிருந்த கை மெல்ல இறங்கியது. கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கழுத்துக்கு வந்தது, பிறகு மடிக்கு.

வயலின் இறங்கியது என்று ஞாபகத்தில் இருந்த இடத்தில் அவர் முன்னால் சாய்ந்தார்.

“வந்துடுச்சா?”

அவள் தலையை ஆட்டினாள். “இன்னும் இல்ல.”

அவர் காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மங்கலாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண்கள் இப்போது மூடவில்லை. நனைந்திருந்த மாதிரி இருந்தது, ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம். பிறகு அவளுடைய தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. மடியிலிருந்த வலது கை எழுந்து, ஒற்றை விரல் மேலே போய், காற்றில் அப்படியே நின்றது.